முழங்காலுக்கு ஏற்ற பனிச்சறுக்கு பூட்ஸ்

நேராக நின்றால் என் முழங்கால்கள் இரண்டும் ஒன்றோடொன்று இடிக்கும். கணுக்கால்களுக்கு நடுவே நான்கு விரல் நுழையும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், புடவையும் சல்வாரும் அதை மறைத்துக்கொண்டிருந்தன. நாற்பத்தொரு வயதில் அலுவலக நண்பர்களோடு காஷ்மீருக்குப் பனிச்சறுக்குப் பழகப் போனபோதுதான் அது வெளியே தெரிந்தது.

மற்றவர்கள் மூன்றாம் நாளே வளைந்து வளைந்து இறங்கினார்கள். நான் ஒவ்வொரு திருப்பத்திலும் விழுந்தேன். சறுக்குப் பலகையின் உள்விளிம்பு பனியில் குத்திக்கொள்ளும், நான் முன்னால் போய் விழுவேன். கற்றுக்கொடுத்தவர் முட்டியை வெளியே தள்ளச் சொன்னார். தள்ளினேன், அது பழைய இடத்துக்கே வந்தது. கடைசி நாள் என்னை நிற்க வைத்துச் சுற்றிவந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தப்பு உங்க மேல இல்ல. சொந்தமா பூட்ஸ் வாங்கி, அதைக் காலுக்கு ஏத்த மாதிரி சரி பண்ணணும். உங்க புனேயிலயே ஒருத்தர் இருக்கார். இங்க பல வருஷம் வேலை பார்த்தவர்."

அங்கேயே எனக்குச் சந்தேகம் தட்டியது. பனியே பெய்யாத ஊரில் பனிச்சறுக்கு பூட்ஸைச் சரிசெய்கிறவரா? சந்தேகப்படுவதுதான் என் தொழிலும். புனே ஹடப்சரில் ஒரு கம்பெனியில் மென்பொருளைச் சோதிக்கிறேன். யாராவது "எல்லாம் சரியா இருக்கு" என்றால், அதன்பிறகுதான் எனக்கு வேலை ஆரம்பம்.

ஆனாலும் பூட்ஸ் வாங்கினேன். ஒரு சனிக்கிழமை காலை அதைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, கோயம்புத்தூர்க்காரரான என் கணவர் வாசல்வரை வந்தார். "அங்கயே வுட்டுட்டு வந்துராத அம்மணி. மாத்தி வெச்சாலும் நமக்குத் தெரியாது."

அந்தப் பட்டறை கசார்வாடியில், லேத் கொட்டகைகளுக்குப் பின்னால் இருந்தது. போலியோ வந்தவர்களுக்கான கால் பட்டைகளும், பாதவலிக்காரர்களுக்கான உள்ளங்கால் அட்டைகளும் சுவரில் தொங்கின. பனியைப் பற்றி ஒரு படம்கூட இல்லை. பட்டறைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். மராட்டிக்காரர், என்னோடு இந்தியில் பேசினார். என்னை வெறுங்காலோடு ஒரு தாழ்ந்த மேடைமேல் நிற்க வைத்து, முழங்கால்சில்லின் நடுவிலிருந்து நூலில் கட்டிய ஒரு சின்னக் குண்டைத் தொங்கவிட்டார். கொத்தனார் சுவருக்குப் பிடிப்பாரே, அதுபோல. குண்டு பாத நடுவில் விழாமல், இரண்டு விரல் உள்ளே தள்ளி விழுந்தது.

பாத அச்செடுத்து உள்ளங்கால் அட்டை செய்தார். பூட்ஸின் மேல்பகுதியை ஒரு திருகாணியால் என் கெண்டைக்காலின் சாய்வுக்குத் திருப்பினார். பூட்ஸைப் போட்டு நின்றபோது, வலதில் குண்டு ஒரு விரல்தான் உள்ளே விழுந்தது. இடதில் அதைவிடக் குறைவு.

"மீதிக்கு பூட்ஸோட அடியைச் சீவி, உள்பக்கம் கொஞ்சம் உயரமா வைக்கணும்" என்றார். "ஆனா இன்னிக்கு வேண்டாம். தினமும் வீட்ல அரை மணி நேரம் போட்டு நில்லுங்க. அடுத்த சனிக்கிழமை வாங்க."

சீவினால் போனது போனதுதான். ஆனால் அளவு சரியென்றால் அதை ஒரு வாரம் ஏன் தள்ளிப்போடுகிறார்? அளவெல்லாம் வெறும் வேடிக்கையா? எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு: நாமே ஒரு பிழையை ஒளித்து வைத்து, சோதிக்கிறவர் பிடிக்கிறாரா என்று பார்ப்பது. வெள்ளிக்கிழமை மாலை ஒரு விசிட்டிங் கார்டை மடித்து, வலது பூட்ஸின் உள் அட்டைக்கு அடியில், வெளிப்பக்க ஓரமாகச் செருகினேன்.

மறுநாள் அவர் குண்டைத் தொங்கவிட்டார். பார்த்தார். என்னை இறங்கி ஏறச் சொல்லி மறுபடியும் தொங்கவிட்டார்.

"போன வாரம் ஒரு விரல். இன்னிக்கு ஒன்னரை. எலும்பு ஒரே வாரத்துல நகராது மேடம்."

"அப்படியா?" என்றேன். என் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

பூட்ஸைக் கழற்றி, அட்டையை உருவி, கார்டை வெளியே எடுத்தார். கத்துவார் என்று நினைத்தேன். கார்டைப் பிரித்துப் படித்தார்.

"எந்தப் போட்டிக் கடைக்காரன் அனுப்பினான் உங்களை?"

"யாரும் அனுப்பல. நானாதான் வெச்சேன். நீங்க கண்டுபிடிக்கறீங்களான்னு பார்க்க."

"இந்த அளவை நம்பித்தான் சீவியிருப்பேன். பூட்ஸ் வீணாப் போயிருக்கும். கெட்ட பேரு எனக்கு."

முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்டேன். அவர் நம்பினாரா தெரியவில்லை. அதன்பிறகு என்னைப் பார்த்ததெல்லாம் ஓரக்கண்ணால்தான். நூலை என் கையில் கொடுத்து, கண்ணாடி முன் நிற்க வைத்தார். "நீங்களே மூணு தரம் அளந்து எழுதிக் கையெழுத்துப் போடுங்க. அப்புறம் மெஷினைத் தொடறேன்." அளந்தேன், எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். வலதில் கூடுதலாக, இடதில் மயிரிழை அளவுக்குச் சீவினார்.

பிப்ரவரியில் மறுபடி காஷ்மீர் போனேன். முதல் திருப்பத்தில் பலகை பனியில் தட்டையாகப் படிந்து, நான் கேட்ட பக்கம் திரும்பியது. சந்தோஷப்படுவதற்குள் சந்தேகம் வந்தது. இரண்டாம் வருடப் பழக்கமாகவும் இருக்கலாம் அல்லவா? அடுத்த நாள் காலை வாடகை பூட்ஸ் வாங்கிப் போட்டுக்கொண்டு அதே சரிவில் இறங்கினேன். இரண்டாவது திருப்பத்தில் வாய் நிறையப் பனி.

சாயங்காலம் கணவரைப் போனில் அழைத்துச் சொன்னேன். சிரித்துக்கொண்டே கேட்டார்: "அப்ப அந்த ஆள நம்பிட்டயா?"

"வலது காலுக்கு நம்பறேன்" என்றேன். "இடது இன்னும் ஒரு பக்கமா இழுக்குது. ஊருக்கு வந்ததும் அவர்கிட்ட போகணும். உள்ள விடுவாரான்னுதான் தெரியல."