எந்தக் கால், அத்தை?

ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஆனால் ஆடத் தெரிந்த கால் ஒன்று சும்மா இருந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். முழுக்கச் சும்மா இருந்ததா என்று கேட்டால், அதைப் பிறகு சொல்கிறேன்.

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகிற வழியில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே எங்கள் வீடு. எங்கள் வீட்டில் மார்கழி என்போம், பக்கத்து மலையாள வீட்டில் தனு என்பார்கள். குளிர் ஒன்றுதான். திருவாதிரை நாளில் எங்கள் களி மதில் தாண்டி அங்கே போகும், அவர்களுடைய கிழங்குப் புழுக்கு இங்கே வரும். பாத்திரம் மாறிப் போனால்கூட யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். அந்த வருடம் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, புருஷன் வீட்டிலிருந்து பெட்டியோடு வந்திறங்கினாள். "கொஞ்ச நாள் நிக்க வந்திருக்கா" என்றார் அப்பா. கொஞ்ச நாள் மாதங்களாக நீண்டது. மாமாவைப் பற்றி யாரும் பேசவில்லை. கல்லூரியில் ஓட்டப் பந்தயத்தில் கோப்பை கோப்பையாக வாங்கியவள், அந்த ஆறேழு மாதத்தில் வாசல் கேட்டைத் தாண்டவில்லை. வெளியாள் யாராவது வந்தால் எழுந்து அடுக்களைக்குள் போய்விடுவாள்.

பக்கத்து வீட்டு ஆன்ட்டியின் மகனுக்கு அப்போதுதான் கல்யாணம் முடிந்திருந்தது. கல்யாணம் கழிந்து வருகிற முதல் திருவாதிரையை அவர்கள் பூத்திருவாதிரை என்பார்கள். புதுப்பெண்ணை நடுவில் வைத்து, அவளுடைய தாலி நிலைக்க வேண்டுமென்று பெண்கள் விளக்கைச் சுற்றிக் கைகொட்டி ஆடுவார்கள். ஜோடி ஜோடியாக ஆட வேண்டும். ஓர் ஆள் குறைந்தது. ஆன்ட்டி மதில்மேல் கையூன்றி அத்தையைக் கூப்பிட்டாள்.

"எட்டி, கப்பு வாங்கின காலாக்கும் அது. பூட்டி வெச்சா துருப்பிடிக்கும். வா."

"எனக்கு ஆட்டமெல்லாம் அறியாது சேச்சி."

"எங்களுக்கு மட்டும் அறியுமா? போன்ல பாட்டு உண்டு, முற்றம் உண்டு. பின்ன என்ன வேணும்?"

இரண்டு நாள் யோசித்துவிட்டு அத்தை போனாள். மூன்றாம் நாள் மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவள் சிரிப்புச் சத்தம் கேட்டது. சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா, துணியைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

அங்கே ஒரு வழக்கம். விடியும் முன்னே குளத்தில் இறங்கி, கையால் தண்ணீரை அடித்துப் பாட்டுப் பாடிக் குளிக்க வேண்டும். குளித்த ஈரத்தோடு நேராக முற்றத்துக்கு வந்து ஆட்டம் பழகினார்கள். அவர்களுடைய திருவாதிரைக் களி தின்கிற களியல்ல, முழங்காலைப் பாதி மடக்கி, தாழ்ந்து தாழ்ந்து நகர்கிற ஆட்டம். நாலாம் நாள் காலையில் புதுப்பெண் கால் வலியில் படியில் பின்பக்கமாக இறங்கினாள். இன்னொருத்தி உட்கார்ந்த இடத்திலிருந்து எழ ஆள் கூப்பிட்டாள். ஆன்ட்டி உப்பும் மிளகாயும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "கண்ணு பட்டதாக்கும். அல்லாம ஒண்ணா எல்லாருக்குமா பிடிக்கும்?"

"கண்ணும் இல்ல, காத்தும் இல்ல சேச்சி" என்று அத்தை கொடியில் கிடந்த ரப்பர் ஷீட்டை உருவிக்கொண்டு வந்தாள். பனியில் கிடந்தது விறைத்துப்போயிருந்தது. "இதை இப்பம் இழுங்க பாப்போம். வராது. வெயில் ஏறட்டும், சொன்னபடி வளையும். சதையும் இதுதான். குளுந்து கிடக்கறதப் பிடிச்சு இழுத்தா அது பின்ன என்ன செய்யும்?"

குளியலை நிறுத்தச் சொல்ல முடியாது, அது விரதம். அதனால் அத்தை நடுவில் ஒரு வழி போட்டாள். குளித்ததும் தலையைத் துவட்டிக்கொண்டு, தோட்டத்தைச் சுற்றிப் போகிற நீண்ட பாதையில் வேகமாக நடந்து வர வேண்டும். வந்ததும் சூடாகச் சுக்குக் காப்பி. பிறகு பலாமரத்தைப் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தரையில் பதித்து, கெண்டைச்சதையை மெல்ல நீட்ட வேண்டும். முதல் பாட்டுக்கு நின்ற உயரத்தில் ஆட்டம், இரண்டாம் பாட்டில்தான் தாழ வேண்டும். ஆடி முடித்தவுடன் பொத்தென்று உட்காரக் கூடாது, சும்மா ஒரு சுற்று நடக்க வேண்டும். நொந்த கால் உள்ளவளுக்கு அன்று ஓய்வு. "பொறுத்துக்கிட்டு ஆடுறது வீரம் இல்ல, வெவரம் கெட்டதனம்" என்பாள். எனக்கும் ஒரு வேலை கொடுத்தாள். எவளுடைய முழங்கால் பெருவிரலைத் தாண்டி முன்னே வந்தாலும் நான் "முட்டு!" என்று கத்த வேண்டும். "கொச்சு போலீஸ் வந்தாச்சு, ஒதுங்குங்க" என்று ஆன்ட்டி கேலி செய்வாள். கத்தினேன், மனதாரக் கத்தினேன். ஒரு வாரத்தில் படியில் எல்லோரும் முன்பக்கமாக இறங்கினார்கள். அத்தைதான் முன்னால் நின்று ஆட வேண்டும் என்று அவர்களே முடிவும் செய்தார்கள். அவள் ஆட்டத்துக்கு உடுத்தும் செட்டுமுண்டை இஸ்திரி போட்டு, ஒரு சுருக்கம் கண்டு, மறுபடியும் போட்டாள்.

திருவாதிரைக்கு முந்தின நாள் புதுப்பெண்ணின் அம்மா கள்ளிக்காட்டிலிருந்து பலகாரக் கூடைகளோடு வந்தாள். நாற்காலியில் உட்கார்ந்து ஆட்டம் பழகுவதைப் பார்த்தாள்.

"முன்னால நிக்குற குட்டி நல்லாக் களிக்குதே. கெட்டினவருக்கு எங்க ஜோலி?"



"அவரு இங்க இல்ல" என்றாள் அத்தை, சிரித்துக்கொண்டே.

அந்த அம்மா தப்பாக ஒரு வார்த்தை பேசவில்லை. நானே சாட்சி. மகளைப் பார்த்தாள், விளக்கைப் பார்த்தாள், ஆன்ட்டியை அடுக்களைக்குள் அழைத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்த ஆன்ட்டி நன்றாக எரிந்துகொண்டிருந்த திரியை மறுபடி மறுபடி தூண்டினாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. அத்தை அடுத்த அடி வைத்தாள். "அம்மாடி, பிடிச்சுப்போட்டு!" என்று கெண்டைக்காலைப் பிடித்தபடி உட்கார்ந்தாள்.

எல்லோரும் ஓடி வந்தோம். ஆட்டக்காரி ஒருத்தி, "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி" என்றாள். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தது அத்தைதான். "ஒடம்பு சூடாகாம ஆடிட்டேன், எனக்கு வேணும்." எனக்கு அது விளங்கவில்லை. அன்று காலை தோட்டத்தைச் சுற்றி அவள் என்னோடுதானே நடந்தாள்?

வீட்டுக்கு வரும்போது வலது காலை இழுத்து நடந்தாள். சாயங்காலம் பார்த்தால் இடது கால். கேட்டேன். "வலியும் மனுஷனைப் போலத்தான் மக்கா. ஒரு எடத்துல நிக்காது" என்றாள். இது எனக்குப் புதுப் பாடமாக இருந்தது. பிறகு பள்ளிக்கூடத்தில் நாலு பேருக்குச் சொல்லவும் செய்தேன்.

அன்று ராத்திரி அடுக்களையில் அம்மா பாத்திரத்தை ஓசையோடு வைத்துக்கொண்டே, "நீ போய் ஆடு. யாரு என்ன சொல்லிப்போடுவா?" என்றாள்.

"வேண்டாம் மதினி. அது அந்தச் சின்னப் பிள்ளைக்க நாளாக்கும். சேச்சி நடுவுல கெடந்து தவிக்கா. நாம கெடுக்கப்பிடாது. என் எடத்துல நீங்க ஆடுங்க."

நொண்டிக்கொண்டு ஆடினால் வட்டம் கெட்டுப்போகும், சரிதானே என்று நான் நினைத்தேன்.

மறுநாள் சாயங்காலம் இஸ்திரி போட்ட செட்டுமுண்டை அம்மாவுக்கு அத்தையே உடுத்திவிட்டாள். ஆட்டத்தை நாங்கள் மதிலோரம் நாற்காலி போட்டுப் பார்த்தோம். அம்மா இரண்டு இடத்தில் தப்பினாள், "முட்டு!" என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். தற்செயலாகக் கீழே பார்த்தேன். நாற்காலிக்கு அடியில் அத்தையின் இரண்டு பாதங்களும் விரல் நுனியில் அத்தனை அடவையும் போட்டுக்கொண்டிருந்தன. சந்தோஷம் தாங்காமல் அவள் காதில், "சரியாயிட்டா அத்தை?" என்றேன். கால்கள் நின்றன. சேலைக் கரையை இழுத்து அவற்றை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆடினவர்களில் ஒருத்திக்கும் வலி இல்லை. புதுப்பெண் படியில் ஓடியே இறங்கினாள். ஆடாத அத்தைதான் கட்டிலை விட்டு எழவில்லை. ஆன்ட்டி புழுக்குப் பாத்திரத்தோடு வந்து வாசற்படியில் நின்றாள்.

"ஒருத்திக்கும் ஒரு நோவும் இல்ல. எல்லாம் நீ சொல்லித் தந்ததாக்கும்."

"சந்தோஷம் சேச்சி."

நான் தைலத்தைச் சூடாக்கி எடுத்துக்கொண்டு போனேன். "எந்தக் கால், அத்தை?" என்று முறையாகக் கேட்டேன். அவள் பதில் சொல்லுமுன் ஆன்ட்டி என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கி, கட்டிலில் உட்கார்ந்து, அத்தையின் இரண்டு கால்களையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மெல்லத் தேய்க்கத் தொடங்கினாள். அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒரு காலுதான் ஆன்ட்டி, எதுன்னு கேட்டுக்கிட்டுத் தேய்க்கணும்" என்றேன்.

"இருக்கட்டும் மோளே, ரெண்டும் இருக்கட்டும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இத்தனை நாள் அத்தை சொல்லிக் கொடுத்தும், வலி எங்கே என்றுகூடக் கேட்காமல் தேய்க்கிறவர்களை என்ன செய்வது?