மாப்பிள்ளை அழைப்புக்கு ஒரு திறந்த கார்

அந்தக் காரை முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குத் தூக்கம்தான் வந்தது.

முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவளை வீட்டுக்குக்கூடப் போகவிடாமல், பைக்கின் பின்னால் ஏற்றிக்கொண்டு ஒரகடத்துக்கு அப்பால் இருந்த ஏல யார்டுக்குக் கூட்டிப்போனார் என் வீட்டுக்காரர். விரல் நுனிகளில் இன்னும் டேப்பின் பசை. கார்களுக்குள் ஓடுகிற வயர்களைக் கட்டாகச் சேர்த்து டேப் சுற்றுவது என் வேலை, நாள் முழுக்க நின்றபடி. தவணை கட்டாதவர்களிடமிருந்து பிடித்துவந்த வண்டிகள் அந்த யார்டில் வரிசை வரிசையாக வெயிலைத் தின்றுகொண்டு நின்றன. கண்ணாடிகளில் சாக்பீஸால் எழுதிய எண்கள். பம்பர்களுக்கிடையே எருக்கஞ்செடி பூத்திருந்தது.

வரிசையின் கடைசியில் அது. இரண்டே கதவு. கருநீலம். மேலே தகரத்துக்குப் பதில் துணிக்கூரை. பொத்தானை அமுக்கினால் கூரை மடங்கிப் பின்னால் போய்ப் படுத்துக்கொள்ளுமாம். நான்கு டயரிலும் காற்று இல்லை. மற்ற கார்கள் நின்றன, இது உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்து எனக்கும் எங்காவது உட்கார வேண்டும்போல் இருந்தது.

"பத்தாயிரம் கிலோமீட்டர்கூட ஓடல. புது வண்டி" என்றார்.

"பதினாலு வருசத்து வண்டின்னு எழுதி ஒட்டிக்கீறாங்களே?"

"வருசம்தான் ஓடிக்கீது. வண்டி ஓடல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். ரொம்ப நாளாகக் காணாமல் போயிருந்த ஒரு வெளிச்சம் அதில் இருந்தது. அதனால்தான் வாயை மூடிக்கொண்டேன்.

அவர் வேலை செய்த கார் கம்பெனி, வண்டிகளை வரிசையாகப் பூட்டிச் சேர்க்கும் தன் லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டது. அவருக்கு அங்கே லைனின் கடைசி ஸ்டேஷன், வண்டி முழுசாகி முடிகிற இடம். பேட்டரியை இணைப்பார்கள், பெட்ரோல் ஊற்றுவார்கள், இவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்புவார். பிறந்ததிலிருந்து சத்தமே போட்டிராத ஒரு வண்டி இவர் கையில்தான் முதல் மூச்சு விடும். ஒரு ஷிஃப்டில் எத்தனையோ முதல் மூச்சுகள். அது நின்றபின் அவருக்கு மூச்சு விடத் தெரியாமல் போயிற்று. விடியலில் நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். திரும்பி வரும்போதும் அதே சுவர். கான்ட்ராக்ட் வேலைக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. சுவருக்கும் எனக்கும் நடுவே அந்த முதுகு ஒரு மலைபோல வளர்ந்துகொண்டிருந்தது.

எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்துவர வேண்டும். கார் வைப்பது பெண் வீட்டார் பொறுப்பு. திறந்த காராக இருந்தால் பெருமை. அதற்குச் சென்னையிலிருந்து வரவழைக்கிறார்கள். நம் ஊரிலேயே ஒன்று இருந்தால்? இதுதான் அவர் கணக்கு. கார் ஓடினால் அவருக்கு ஒரு தொழில். ஓடாவிட்டால் மறுபடியும் சுவர். இரண்டுக்கும் நடுவில் வேறு எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

யார்டில் பழைய கார் வியாபாரி ஒருவர் பாக்கை மென்றபடி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "தலைவா, இது மாப்ள வண்டி இல்ல, மாமியா வண்டி" என்றார். "ஒரு தபா உள்ள வந்துச்சுன்னா வூட்ட வுட்டு நவுராது."

என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஏலம் போனிலேயே நடந்தது. அடுப்படியில் என் பக்கத்தில் குந்திக்கொண்டு அவர் தொகையை ஏற்ற, நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். "யாரும் மேல கேக்கலடி!" என்று துள்ளினார். ஊரெல்லாம் வேண்டாம் என்று ஒதுக்கியது நமக்கு வந்திருக்கிறது என்பதை இத்தனை சந்தோஷமாகச் சொல்லக்கூடிய மனிதர் அவர் ஒருவர்தான். கம்பெனி கொடுத்து அனுப்பிய பணம் அத்தோடு போயிற்று.

கார் வந்து இறங்கிய அன்று எதிர்வீட்டு மாமா முதல் ஆளாக வந்தார். பிள்ளைப்பாக்கத்தில் பரம்பரையாக நெல் போட்டவர். இப்போது நிலம் வாங்குவோருக்கும் விற்போருக்கும் நடுவில் நிற்பவர். ஐப்பசியில் அவர் மகளுக்குக் கல்யாணம். காரை ஒரு சுற்று சுற்றிவந்து பானெட்டைத் தட்டினார்.

"தம்பி, எம் பொண்ணு கல்யாணத்துக்கு மாப்ள இதுலதான் வரணும். காஞ்சிபுரத்துக்காரங்க, வாய் நீளம். அதை அடைக்கணும்."

"கண்டிப்பா மாமா. இதான் மொத சவாரி."

சொல் கொடுத்தாயிற்று.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஓடவைக்கும் வேலை தொடங்கியது. துணைக்குக் கோவில்பட்டிப் பக்கத்துக்காரர் ஒருவர் வந்தார். அதே லைனில் கதவு மாட்டியவர், எங்கள் பின்தெருவில் வாடகை அறையில் இருப்பவர். குடும்பம் ஊரில். என்னை மதினி என்பார். ஏர் ஃபில்டரைத் திறந்தபோது உள்ளே எலிக்கூடு. சீட்டுப் பஞ்சைக் கடித்து மெத்தை போட்டு வைத்திருந்தது.

"மதினி, நம்மளவிட எலிதான் இந்த வண்டிய நல்லா அனுபவிச்சிருக்கு, பாத்துக்கிடுங்க."

கூட்டை எடுத்தார்கள். அதன்பிறகு கம்பெனியில் எந்த வரிசையில் செய்வார்களோ அதே வரிசையில் செய்தார்கள். புது பேட்டரி. புது ஆயில். கூலன்ட். டயருக்குக் காற்று. பெட்ரோலை டேங்கில் ஊற்றினார்கள். அந்த டேங்கில் ஏற்கெனவே ஏதாவது கிடக்குமா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் கைப்பட்ட அத்தனை கார்களிலும் டேங்க் காலியாகத்தான் வந்திருக்கிறது. சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே உட்கார்ந்தார் என் வீட்டுக்காரர். சாவியைத் திருப்பினார்.

பிடித்தது. உண்மையிலேயே பிடித்தது. இரண்டு முறை இருமிவிட்டு, அடித்தொண்டையில் உறுமியது. தெருவே கைதட்டியது. அவர் கண்கள் நிறைந்து நின்றன. அந்த உற்சாகத்திலேயே கூரைப் பொத்தானையும் அமுக்கினார். துணி எழுந்தது, மடிந்தது, கொக்கு இறகை ஒடுக்குவதுபோலப் பின்னால் போய் அடங்கியது. அடங்கிய இடத்தில் எங்கோ ஒரு ரப்பர் குழாய் படாரென்று வெடித்து, பின்சீட்டெல்லாம் எண்ணெய். அதே நொடி எஞ்சினும் விக்கி நின்றது.

அதற்குப்பிறகு அது சத்தம் போடவே இல்லை. கூரையும் மேலே வரவில்லை.

மூன்றாம் நாள் சென்னையிலிருந்து ஒரு மெக்கானிக் வந்தார். டேங்க் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். எங்களையும் மோந்து பார்க்கச் சொன்னார். பெயின்ட் கடை வாசனை.

"பழைய பெட்ரோல் பிசினாயிருக்கு சார். அத்த வடிச்சுட்டு, டேங்க கழுவிட்டு அப்புறம்தான் சாவிய தொடணும். நீங்க புதுசா ஊத்தி எல்லாத்தையும் கரைச்சு உள்ள அனுப்பிட்டீங்க. பம்பு, இன்ஜெக்டரு எல்லாம் அடைச்சுகினு கீது." பிறகு கேட்டார், "கார் கம்பெனில இருந்தேன்றீங்க? அங்க ஒரு வண்டி எத்தினி நாள் நிக்கும்?"

"நிக்காது. அன்னிக்கே வெளிய போயிடும்."

"அதான்" என்றார் அவர்.

அந்த 'அதான்' எங்கள் வீட்டில் பல நாள் தங்கியது. இந்தச் சாலை நெடுக இத்தனை ஆயிரம் பேர் கார் செய்கிறோம். ஒரு கார் எப்படிக் கிழடாகிறது என்று ஒருவருக்கும் தெரியாது. மீட்டரில் சின்ன எண்ணைப் பார்த்தால் பச்சைக்குழந்தை என்று நினைத்துவிடுகிறோம். ஓடினால்தான் தேயும் என்று நம்பியிருந்தோம். நின்றே வீணாகும் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கட்டிலைப் பார்த்தாவது எனக்குப் புரிந்திருக்கும்.

பம்பு வெளியூரிலிருந்து வரவேண்டும், வரும், வந்துகொண்டிருக்கிறது. ஐப்பசி முந்திக்கொண்டது. மழையும். திறந்த காரின்மேல் தார்ப்பாயைக் கட்டுவது என் வேலையாயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கி வானம் கறுப்பதைப் பார்த்தால் ஓடுவேன். சொந்தக் கூரையே ஒழுகும் வீட்டில், கூரையில்லாத காருக்காக ஓடுவேன். அவரும் நண்பரும் சக்கரங்களைக் கழற்றித் துருவைச் சுரண்டினார்கள், பிரேக்கை உயிர்ப்பித்தார்கள். கார் உருண்டது. ஆனால் எஞ்சின் கல்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு, சட்டையை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். கூட நானும் போனேன், விழுந்தால் பிடிக்க ஆள் வேண்டுமே என்று.

"மாமா, வேற கார் பாத்துக்குங்க. இது... இன்னும் ரெடியாவல."

பெரியவர் பந்தல்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தார். நிறுத்திவிட்டுத் திரும்பினார். "இன்னா ரெடியாவல?"

"எஞ்சின்."

"உருளுதா?"

"உருளுது."

"அப்புறம் இன்னா தம்பி? மேளத்துக்குப் பின்னாடி எந்தக் கார் ஓடிக்கீது? நடக்கத்தானே நடக்குது! கோயில்லேர்ந்து மண்டபம் ரெண்டு தெரு. ஆளுங்க தள்ளட்டும். மாப்ள வூட்டுல திறந்த காருன்னு சொல்லிட்டேன், எஞ்சின் கீதுன்னா சொன்னேன்?"

வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. "தள்ளு வண்டி" என்றார் இருட்டைப் பார்த்து. "மொத சவாரியே தள்ளு வண்டி. இதுக்கப்புறம் எவன் கூப்புடுவான்?" எனக்குக் காலையில் பஸ் இருந்தது. தூங்கிவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம், மாப்பிள்ளை அழைப்புக்காக, காருக்குச் சாமந்தி சாத்தினார்கள். எண்ணெய்க்கறை தெரியாமலிருக்கப் பின்சீட்டில் என் கல்யாணப் பட்டுப்புடவையை விரித்தேன். சாப்பாட்டுக்கு வந்திருந்த பழைய லைன் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நின்றார்கள். என் வீட்டுக்காரர் ஸ்டீயரிங்கில். எஞ்சின் இல்லாத ஸ்டீயரிங் ஆட்டுக்கல்போலக் கனக்கும். கழுத்து நரம்பு புடைக்கத் திருப்பினார். பேண்டு முழங்கியது. தூறல் போட்டது. மாப்பிள்ளை தலைக்கு மேல் யாரோ குடையை நீட்டினார்கள். நான் காரின் பக்கத்திலேயே நடந்தேன்.

பாதித் தெருவில் மாப்பிள்ளை முன்னால் குனிந்தார். "சத்தமே இல்லையே, எலக்ட்ரிக்கா?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறக்குமுன் பின்னாலிருந்து கோவில்பட்டிக்காரர் மூச்சிரைக்கக் கத்தினார்: "ஆமா மாப்ள! எல்லாம் கைக் கரண்டுதான்!"

தள்ளியவர்கள் சிரித்ததில் வண்டி ஒரு கணம் நின்றே விட்டது.

மண்டபத்துக்குத் திரும்பும் இடத்தில் ஒரு சரிவு. அதை யாரும் யோசிக்கவில்லை. முன்சக்கரம் இறங்கியதும் கார் தானாகவே கிளம்பியது. எஞ்சின் இல்லாமல் பிரேக்கும் கல்தான். அவர் சீட்டை விட்டு எழுந்து இரண்டு காலாலும் மிதித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தேன். "பிடிங்கடா! பிடிங்கடா!" என்று கத்தல். தள்ளியவர்கள் இழுக்கிறவர்களானார்கள். பேண்டுக்காரர்கள் அடிப்பதை விடாமலே இரண்டு பக்கமும் சிதறினார்கள். நான் கதவைப் பிடித்தேன், எதற்கு என்று தெரியாமல். செருப்பு போயிற்று. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களுக்கு ஒரு முழம் முன்னால் கார் நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. "சூப்பர் என்ட்ரி!" என்றார் மாப்பிள்ளை. காஞ்சிபுரத்துக்காரர்கள் போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பத்து நிமிடத்தில் எல்லோரும் உள்ளே போய்விட்டார்கள். தள்ளியவர்களும் பந்திக்குப் போய்விட்டார்கள். மண்டப வாசலில் கார், அவர், நான். ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். நான் சுற்றிப்போய் அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தேன். இத்தனை மாதத்தில் அதில் உட்காருவது அன்றுதான். ஈரம். இருந்தாலும் என்ன மெத்தை! இடுப்பு அப்படியே இறங்கியது. தூறல் முகத்தில் விழுந்தது. துடைக்கத் தெம்பில்லை.

குன்றத்தூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வெற்றிலையை மடித்தபடி படியிறங்கி வந்தார். மாப்பிள்ளை வீட்டு உறவாம். காரைச் சுற்றிப் பார்த்தார்.

"வாடகைக்கு வுடறீங்களா? தை மாசம் என் தம்பி பொண்ணுக்கு."

என் வீட்டுக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். 'ரெடியாயிடும்' என்பார், 'பம்பு வந்துகினு கீது' என்பார் என்று காத்திருந்தேன்.

"ஓடாது சார்" என்றார். "தள்ளணும்."

அந்த 'ஓடாது'வை அவர் வாயிலிருந்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. குரல் உடையவில்லை. மணி என்ன என்று கேட்டதற்குச் சொல்வதுபோலச் சொன்னார்.

வந்தவர் வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "இப்ப தள்ளிகினுதானே வந்தீங்க, பாத்தேனே. எங்களுக்கும் கிட்டதான். ஒரே தெரு. சரிவுகூட இல்ல."

என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார். இத்தனை காலம் சுவரைப் பார்த்த கண்கள், களைத்துச் சிவந்து, என்னைப் பார்த்தன. என்ன சொல்வது என்று என்னைத்தான் கேட்கிறார்.

நான் கால்களை நீட்டிக்கொண்டேன்.

"தள்ள ஆளு அவங்க குடுப்பாங்களா, நாமளே கூட்டினு போவணுமான்னு கேளுங்க" என்றேன்.