முப்பத்தேழு கைகள்

என் அத்தானுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, பழைய மரச்சிலைகளைப் பழுது பார்ப்பது தொழில். பெரும்பாலும் புத்தர்கள்தான் வருவார்கள். சின்னச் சிலைகளில் கையைத் தனியாகச் செதுக்கி மணிக்கட்டில் செருகியிருப்பார்கள். முதலில் தொலைவது அதுதான். அதனால் சிலை சேகரிக்கிறவர்கள் மத்தியில் அவருக்குப் பெயர் ‘கை டாக்டர்’.

தொழிலில் மனிதர் புலி. ஆனால் ஒரு கிறுக்கு உண்டு. சிலைகள் வரும் பெட்டிகளின் அடியில் கிடக்கும் அனாதைக் கைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைப்பார். இருபத்தாறு வருஷத்தில் முப்பத்தேழு கை சேர்ந்துவிட்டது. ஒன்றுகூட எந்தப் புத்தருக்கும் பொருந்தவில்லை. “உடம்பு ஒருநாள் வரும்டா” என்பார். அவருக்கு எடுபிடியான எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பட்டறையில் உளி வைக்க இடமில்லை, இதில் கைகளுக்கு ஒரு டப்பா! ஒருநாள் காலை அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், பழைய இரும்போடு சேர்த்து அதையும் பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டு வந்தேன்.

பதினோரு மணிக்கு, துண்டில் சுற்றிய ஒரு சாண் உயரப் புத்தரோடு சேகரிப்பாளர் ஒருவர் வந்தார். வலது கை இல்லை. புதிதாக ஒன்று செய்து தர வேண்டுமாம். அத்தான் சிலையை விளக்கடியில் திருப்பினார். முன்கையில் நுழைந்த பூச்சி ஓட்டை ஒன்று மணிக்கட்டில் வெளியே வந்திருந்தது. சந்தோஷத்தில் அவருக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது.

“புதுசு வேணாம் சார். இதே இடத்துல ஓட்டை விழுந்த கை எங்கிட்ட இருக்கு. டேய், டப்பாவ எடு!”

“அத்தான்... காலையிலதான் பழைய சாமான் கடையில போட்டுட்டேன்.”

அவர் புத்தரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் ஓடினார். பின்னால் நான். எனக்குப் பின்னால், “ஐயோ, என் சிலை!” என்று சேகரிப்பாளர். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது.

“டப்பாவ நசுக்கியாச்சே. உள்ள இருந்த கட்டையெல்லாம் அதோ, அதுல கொட்டிட்டேன்” என்று கடைக்காரர் ஆள் உயர விறகுக் குவியலைக் காட்டினார்.

மூவரும் மண்டியிட்டோம். தேடும் கை ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. முதலில் கிடைத்தது இடது கை. அடுத்தது பெரிசு. இன்னொன்றுக்கு விரலே இல்லை. என் பாவத்துக்கு விமோசனமே இல்லை என்று நினைத்தபோது, சேகரிப்பாளர் தூசியை ஊதியபடி ஒன்றை நீட்டினார். அத்தான் பிடுங்கி மணிக்கட்டில் செருகினார். டக்கென்று உட்கார்ந்தது!

எனக்கு அது போதும். அவருக்குப் போதாது. பக்கத்தில் கிடந்த துடைப்பத்திலிருந்து மெல்லிய நார் ஒன்றை உருவி, முன்கை ஓட்டையில் விட்டு மெதுவாகத் தள்ளினார். நார் மணிக்கட்டைக் கடந்து, புறங்கை வழியாக எட்டிப் பார்த்தது. கையும் உடம்பும் ஒன்றாக இருந்த காலத்தில் அல்லவா அந்தப் பூச்சி இந்த வழியே போயிருக்கும்! சேகரிப்பாளர் குதித்தார். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அத்தான் சிலையை அவரிடம் கொடுத்துவிட்டு, மறுபடியும் குவியலுக்குள் கையை விட்டார். “மீதி எங்கடா?”

மூன்று மணியாகியும் யாருக்கும் பசிக்கவில்லை. கடைசிக் கை கிடைக்கும்வரை ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது என்று அதட்டிக்கொண்டிருந்தது அத்தான் இல்லை, நான்.