குண்டூசியக்காவின் அகராதி

"அசையாதீங்க டீச்சர். சால்ட்டின்னா என்ன?"

வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி, என் பேண்டின் கீழ்மடிப்பை மடித்துக் குத்திக்கொண்டே கேட்டாள் குண்டூசியக்கா. ஊசி குத்தியிருக்கும் காலோடு ஆள் எங்கே ஓடுவது? "உப்புக் கரிக்கிறது" என்றேன். "அது அகராதிக்கு. புள்ளைங்களுக்கு?" எனக்குத் தெரியவில்லை. அடுத்து நின்ற கல்லூரிப் பெண்தான், "கடுப்புல இருக்கறது, அக்கா" என்று சொல்லிக் கொடுத்தாள். உடனே அக்கா என்னைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள், பெரிய படிப்பாளி மாதிரி.

தெருமுனையில் அவளுடைய ஆல்டரேஷன் கடை. ஒரு மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, இஸ்திரி மேசை, அதற்குப் பின்னால் திரை. திரைக்கு அந்தப் பக்கம் வீடு. தெருவுக்கே அவள் குண்டூசியக்கா. புதுத்துணி தைக்க மாட்டாள். யாரோ தைத்ததைத் திருத்தித் தருவதுதான் தொழில். நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், டீச்சர் இல்லை என்று பலமுறை சொல்லியாயிற்று. செவிடன் காதில் ஊதிய சங்குதான். என் உடம்பு பெருப்பதும் இளைப்பதுமாக இருப்பதால் எங்கள் சிநேகம் மட்டும் அறுந்ததே இல்லை.

ஒரு சொல்லுக்கு அவளுக்கு இரண்டு அர்த்தம் வேண்டும். வயசானவர்களிடம் அகராதி அர்த்தம், இளசுகளிடம் பேச்சு அர்த்தம். கேட்டதும் கையில் இருக்கும் துணியின் உள்பக்கத்தில் சாக்பீஸால் எழுதிக்கொள்வாள். மனசில் ஏறியதும் பிரஷ்ஷால் தட்டிவிடுவாள். ஒருமுறை தட்ட மறந்து, அதிகாரி ஒருவரின் பேண்ட் 'சஸ் - சந்தேகப் பேர்வழி' என்ற எழுத்தோடு வீடு போய்ச் சேர்ந்தது. மறுநாள் அவர் மனைவி வந்தார். சண்டைக்குத்தான் என்று இவள் நடுங்கிப்போனாள். "எழுதினது யாரும்மா? சரியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாராம் அந்த அம்மாள்.

இத்தனைக்கும் காரணம் வீட்டில் இருக்கும் பெண். லாரி ஓட்டும் கணவனின் முதல் தாரத்து மகள்; பத்தாவது படிக்கிறாள். தாய் போய்ப் பல வருடமாகிறது. இவளைச் சித்தி என்று கூப்பிட வேண்டும், கூப்பிடுவதில்லை. எதற்கும் "இங்க பாருங்க" என்றுதான் தொடங்குவாள். மரியாதைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அந்த மரியாதைதான் இவளுக்கு வலி.

பள்ளி விட்டு வந்ததும் அந்தப் பெண் இஸ்திரி மேசையில் ஏறி உட்கார்ந்து தோழியோடு போனில் பேசுவாள். பாதி இங்கிலீஷ், அதிலும் பாதி புத்தகத்தில் இல்லாத இங்கிலீஷ். இவளுக்கு எங்கே புரியப்போகிறது என்ற தைரியம்.

"இது ஒட்டுக் கேக்கறது இல்லையா?" என்று ஒருநாள் கடிந்துகொண்டேன்.

"ஒட்டுக் கேக்கறவங்க கதவுக்கு வெளியில நிப்பாங்க டீச்சர். நான் உள்ளதானே இருக்கேன்? வீட்டுல ஒரு புள்ள பேசறது புரியலன்னா, நான் அங்க வாடகைக்கு இருக்கற மாதிரிதானே?"

போன மாதம் 'கோட்' வந்தது. யாரோ பாட்டுக்காரனை அந்தப் பெண் அப்படிச் சொன்னாளாம். தைக்கிறவள் அல்லவா, மேலே போடும் கோட்டு என்றே நினைத்திருக்கிறாள். ஆடாகவும் இருக்கலாம், நம் காதில் இரண்டும் ஒன்றுதான் என்றேன். விசாரித்ததில் ஆடுதான், ஆனால் எல்லாரையும் மிஞ்சினவன் என்று பொருளாம். "ஆடுன்னா பெருமையா? காலம் கெட்டுப்போச்சு!" என்று சிரித்தவள், அந்த வாரமே நாலு பேர் முன்னால், "எங்க டீச்சர் ஒரு கோட்டு" என்றாள். என் தலையெழுத்து.

சென்ற வாரம் துணி எதுவும் இல்லாமல் என் வீட்டுப் படியேறி வந்தாள். வெள்ளிக்கிழமை பள்ளி விழாவில் அந்தப் பெண் மேடையேறிப் பேச வேண்டும். இறந்துபோன அம்மாவின் பச்சை கவுனைப் போட்டுக்கொள்ள ஆசை. தோளில் தொளதொளவென்று இருக்கிறது. "நோ கேப், இவங்க அதுல கத்தரி வெச்சாங்கன்னா ஐ'ம் டெட். நான் போகவே மாட்டேன்" என்று தோழியிடம் சொல்லியிருக்கிறாள்.

"நோ கேப்னா பொய் இல்ல, அது தெரியும். டெட்தான் டீச்சர் குழப்புது. போன தடவ விழுந்து விழுந்து சிரிச்சப்பவும் டெட்னுதான் சொன்னா."

"முகம் எப்படி இருந்தது?"

"முதுகுதான் தெரிஞ்சுது. சிரிக்கற முதுகு இல்ல அது."

"அப்புறமென்ன? வெட்ட மாட்டேன்னு போய்ச் சொல்லேன்."

"சொன்னா, எனக்கு எல்லாம் புரியுதுன்னு தெரிஞ்சிடும். நாளையிலேர்ந்து கதவச் சாத்திக்கிட்டுப் பேசும். அந்த வீட்டுல எனக்குன்னு இருக்கறது அந்தப் பேச்சு ஒண்ணுதான்." கண் நிறைந்துவிட்டது அவளுக்கு.

மறுநாள் மாலை நான் கடையில் இருந்தேன். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, பெண் உட்கார்ந்திருந்த மேசைக்கு எதிரே போய் நின்றாள்.

"அந்த கவுன எடுத்துட்டு வாம்மா. ஒரு நூலிழைகூட வெட்ட மாட்டேன். உள்ள மடிச்சுத் தையல் போட்டுத் தர்றேன். எப்ப வேணும்னாலும் பிரிச்சுக்கலாம். அம்மாவோடது அம்மாவோடதாவே இருக்கும்."

பெண்ணின் முகம் வெளுத்தது. "உங்களுக்கு... புரியுமா?"

"கொஞ்சம்."

"எப்பலேர்ந்து?"

"அந்த ஆட்டுக்கு முன்னாலேர்ந்து."

பெண் சிரிக்கவில்லை. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆனால் காலையில் கவுன் மெஷின்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தது. சொன்னபடியே கத்தரி படாமல் தைத்துக் கொடுத்தாள் அக்கா. வெள்ளிக்கிழமை அதைப் போட்டுக்கொண்டு போய்ப் பேசிவிட்டு வந்தாள் பெண். நன்றாகப் பேசினாளாம். அன்றும் போன் பேச்செல்லாம் உள்ளேயிருந்துதான். இவள் மெஷின்முன் உட்கார்ந்திருந்தாள், மிதிக்கவே இல்லை. சொல்லச் சொன்னவள் நான்தானே.

நேற்று என் பேண்டை வாங்கப் போயிருந்தேன். திரை விலகியது. காதில் போனோடு பெண் வந்து, இஸ்திரி மேசையில் ஏறி உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். தோழி என்னமோ கேட்டதற்கு, "பெட், பெட்" என்றாள். மெஷின் ஓட்டம் ஒரு நொடி தயங்கியது.

பெண் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு மெஷின் பக்கம் குனிந்தாள். "பெட்னா சரின்னு அர்த்தம். பந்தயம் இல்ல" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கையை எடுத்து விட்ட இடத்திலிருந்து பேசினாள்.