பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருக்கினம்

எழுபதுகளின் நடுவில், சிட்னியின் பிளாக்டவுனுக்குக் கிட்ட ஒரு அரசாங்க உயர்நிலைப் பள்ளியின் அலுவலகத்தில் தட்டெழுத்து வேலை பார்த்தேன். யாழ்ப்பாணத்தில் எட்டு வருடம் கணிதம் படிப்பித்தவள் நான். சிட்னியில் என் சான்றிதழைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு வருடம் படித்துவிட்டு வா என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு ஆறவே இல்லை. கதிரையில் சேர்ந்தாற்போலப் பத்து நிமிடம் இருக்க முடியாது. எழும்பி நடப்பேன், தேவையில்லாமல் ஒரு அலமாரியைத் திறந்து மூடுவேன், திரும்பி வந்து இரண்டு வரி தட்டுவேன். பக்கத்து மேசை வெள்ளைக்காரி என்னைப் பார்த்தாலே தனக்குக் களைக்கிறது என்பாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தக் கால்களுக்கு வேலை இருந்தது. அப்போது எங்கள் பக்கத்தில் தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். பள்ளிக்கூடத்தில் வேலை செய்கிறவள் என்பதால், பிள்ளைகளின் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார்கள்.

"ரீச்சர், இதில வகுப்பில எத்தனையாம் பிள்ளை எண்டு எங்கை போட்டிருக்கு?"

"அப்பிடி ஒண்டும் இஞ்சை போடமாட்டினம்."

"அப்ப கெட்டிக்காரன் ஆர் எண்டு எப்பிடித் தெரியும்?"

உங்கள் மகன் வகுப்பில் இருப்பது மகிழ்ச்சி தருகிறது என்று ஆசிரியர் எழுதியிருந்தால், அது நூற்றுக்கு எத்தனை என்று கேட்பார்கள். சிரிப்பும் வரும், எரிச்சலும் வரும். பத்தாம் வகுப்போடு விரும்பியவர்கள் வெளியே போகலாம், மற்றவர்களுக்கு இன்னும் இரண்டு வருடம் உண்டு, அந்த இரண்டு வருடத்துக்கு எடுக்கும் பாடத்தை வைத்துத்தான் பல்கலைக்கழகத்தில் என்ன படிக்கலாம் என்பது இருக்கிறது என்று வீடு வீடாகச் சொல்லித் தொண்டை வறண்டு போகும். பல்கலைக்கழகக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

ஒரு நவம்பர் மாதச் செவ்வாய்க்கிழமை, அடுத்த வருடப் பதினோராம் வகுப்புப் பாடப் பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தேன். கீழ்மட்டக் கணிதத்தின் கீழே எங்கள் பிள்ளை ஒருத்தியின் பெயர் வந்தது. கை நின்றுவிட்டது. பக்கத்துப் புறநகரான கிரவீனில் இருந்த குடும்பம் அது. தகப்பன் ரயில்வே வேலைத்தலத்தில் ஃபிற்றர், இயந்திரம் பூட்டுகிறவர். போன பொங்கலுக்கு எல்லாரும் கூடிய இடத்தில் அந்தப் பெட்டை வந்து, "அன்ரி, பிரிட்ஜ் கட்டுறதுக்கு என்ன படிக்க வேணும்?" என்று என்னைக் கேட்டிருந்தாள். எஞ்சினியரிங் என்றேன், மேல்மட்டக் கணிதம் இல்லாமல் அதற்குள் விடமாட்டார்கள் என்றும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டு போனாள்.

கோப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டு மட்டத்துக்கும் நடுவில் நின்ற பிள்ளைகளின் பெற்றோரைப் பள்ளி வந்து பேசச் சொல்லியிருந்தது. இவளுடைய தகப்பன் வரவில்லை. பதிலுக்கு ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். ஒவ்வொரு எழுத்தும் அளந்து வெட்டிய இரும்புத் துண்டு போல நேராக நின்றது. தாங்கள் என்ன முடிவு செய்தாலும் எங்களுக்குச் சம்மதம் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி. பள்ளியும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை பட்டியல் மூடிவிடும்.

அலுவலக விஷயத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் அன்று பின்னேரம் கிரவீனுக்குப் போனேன். அந்த மனிதர் வேலையால் வந்து, குசினி வாசலில் கைகழுவிக்கொண்டு நின்றார். இருங்கோ என்றார் மனைவி. நான் இருக்கவில்லை.

"ஏன் அண்ணை போகேல்லை? வரச்சொல்லி எழுதினவை எல்லோ?"

"பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டிருக்கினம் எண்டால் நல்லதுக்கோ ரீச்சர்? இவள் என்னவோ செய்திருக்கிறாள்."

"நான் ஒண்டும் செய்யேல்லை அப்பா," என்றது பிள்ளை உள்ளே இருந்து. "ஜஸ்ட் ஒரு இன்ரவியூ. எல்லாற்றை பேரன்ட்ஸும் போறவை."

அவர் காதில் அது ஏறவில்லை. ஊரில் பெற்றோரைப் பள்ளிக்கு அழைப்பது எதற்கென்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். களவு, சண்டை, காதல் கடிதம், இல்லாவிட்டால் பெயரை வெட்டப்போகிறார்கள். மனிதர் அவமானத்துக்குப் பயந்து, மரியாதையாகக் கடிதம் எழுதித் தப்பப் பார்த்திருக்கிறார். கீழ்மட்டக் கணிதத்தைச் சொன்னேன். வெள்ளிக்கிழமையைச் சொன்னேன். மகள் கேட்டதைச் சொன்னேன்.

"அவையளுக்குத் தெரியாததோ? படிப்பிக்கிறவை சொன்னால் சரியாத்தான் இருக்கும்," என்றார்.

எனக்கு வாயில் வந்துவிட்டது. "பள்ளிக்கூட வாசல் மிதியாத ஆள் மாதிரிக் கதைக்கிறியள்."

அவர் துவாயைக் கொடியில் போட்டுவிட்டு வளவுக்குள் இறங்கிப் போனார். மனைவி தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நின்றார். ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று விளங்கியது, என்ன பிழை என்று விளங்கவில்லை. அடுத்த நாள் முழுக்க அலுவலகத்தில் நடந்து தேய்ந்தேன். இரண்டு பட்டியலைப் பிழையாகத் தட்டிக் கிழித்துப் போட்டேன்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு அவர் வந்தார். கல்யாணத்துக்குப் போடும் கோட்டு, கோடை தொடங்கும் அந்த வெயிலில். கணிதத் தலைமை ஆசிரியர் வகுப்பு முடிந்து வரும்வரை விறாந்தைக் கதிரையில் இருத்தினேன். ஒரு சாட்டுச் சொல்லி நானும் பக்கத்தில் நின்றேன். மன்னிப்புக் கேட்கத்தான் நினைத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

"நீங்கள் சொன்னது சரிதான் ரீச்சர். நான் கனக்கப் படிக்கேல்லை. எட்டாம் வகுப்பில அப்பரைக் கூப்பிட்டவை. இவனுக்குப் படிப்பு ஏறாது, ஏதும் தொழில் பழக்குங்கோ எண்டு வாத்தியார் சொன்னார். அப்பர் சால்வையை இடுப்பில கட்டிக்கொண்டு நிண்டு, ஓம் ஐயா எண்டவர். அண்டைக்கே என்னைக் கூட்டிக்கொண்டு வந்திட்டார்."

அவர் கோட்டுப் பொத்தானைக் கழற்றித் திரும்பப் போட்டார்.

"இஞ்சை வந்தால் நானும் ஓம் ஐயா எண்டுதான் சொல்லுவன். அது எனக்குத் தெரியும். அதுதான் வரேல்லை."

ஆசிரியர் வந்து உள்ளே கூப்பிட்டார். தேவைப்பட்டால் மொழிபெயர்க்க வந்தவள் என்று என்னைச் சொல்லிக்கொண்டேன். நல்ல மனிதர் அவர், குரலில் ஒரு கடுமையும் இல்லை. பிள்ளை கெட்டிக்காரிதான், ஆனால் வகுப்பில் வாய் திறப்பதில்லை, கீழ்மட்டம் அவளுக்குச் சுகமாக இருக்கும், பிறகு தாதி வேலைக்கோ அலுவலக வேலைக்கோ போகலாம் என்றார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றும் கேட்டார்.

தகப்பன் இருக்கவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு அசைந்தது. சொல்லப்போகிறார், ஓம் ஐயாவைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். நானே பேசிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"நோ, சேர்," என்றார்.

ஆசிரியர் நிமிர்ந்தார். தன் மகள் பாலம் கட்ட விரும்புகிறாள், அதற்கு மற்றக் கணிதம் வேண்டும் என்று, வேலைத்தலத்து ஆங்கிலத்தில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். கடைசியில் மரியாதைக்கு இன்னொரு 'சேர்' என்றும் போட்டார்.

அவ்வளவுதான். அப்படியானால் முதல் தவணை பார்ப்போம், கஷ்டப்பட்டால் திரும்பப் பேசுவோம் என்றார் ஆசிரியர். பேனையை எடுத்து ஒரு இடத்தில் வெட்டி இன்னொரு இடத்தில் எழுதினார். கைகொடுத்தார். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே வந்ததும் தகப்பன் அதே கதிரையில் பொத்தென்று இருந்தார். எனக்கோ துள்ளவேண்டும் போல சந்தோஷம்.

"இவ்வளவுதானோ ரீச்சர்?"

"இவ்வளவுதான் அண்ணை."

கோட்டைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அண்டைக்கு அப்பரும் ஒருக்கால் மாட்டன் எண்டு சொல்லியிருந்தால், என்னைப் படிக்க விட்டிருப்பினமோ?"

எதைக் கேட்டாலும் பதில் வைத்திருப்பவள் நான். எட்டு வருடம் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து, எத்தனையோ தகப்பன்மாரைக் கூப்பிட்டு, இவனுக்குக் கணக்கு வராது, மினக்கெடாதேங்கோ என்று சொல்லியிருக்கிறேன். எல்லாரும் ஓம் ரீச்சர் என்றார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று ஒருவரிடமும் நான் கேட்டதில்லை.

"தெரியேல்லை அண்ணை," என்றேன்.

எனக்குத் தெரிந்திருந்தது. ஒரு தகப்பன் மாட்டேன் என்று சொல்லியிருந்தால், நான் அந்தப் பிள்ளையைப் படிக்க விட்டிருப்பேன்.