புது இரும்பில் பழைய தேய்மானம்

போன செவ்வாய்க்கிழமை சேரன்மகாதேவியிலிருந்து ஆள் வந்தது. என் மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிவு. அங்குள்ள டாக்டர் பலகை வைத்துக் கட்டி, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார். மாட்டுவண்டி கூடாது, குலுக்கலில் எலும்பு விலகிவிடும். ரயில் என்றால் நாலு தடவை தூக்கி இறக்க வேண்டும். மோட்டார் இருந்தால் நல்லது.

மோட்டார் இருந்தது. அதுதான் சங்கடம்.

சீமைக்குத் திரும்பிய ஒரு துரையிடம் போன வருடம் நான் வாங்கிய எட்டு வருடப் பழைய வண்டி அது. ஒரு மாதமாக முன்பக்கம் சரியில்லை. கொஞ்சம் வேகம் எடுத்தால் சக்கரம் தலையாட்டும். வண்டி தானாக இடப்பக்கம் ஒதுங்கும். சேரன்மகாதேவி ரோட்டிலோ பாதி தூரம் ஓரத்தில் வாய்க்கால்...

"அம்மாவ இதுலயா ஏத்தப் போறிய?" என்றாள் என் மனைவி எஸ்தர். பெண்கள் பள்ளியில் டீச்சர். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அங்கேயே நிற்பாள்.

நான் வண்டிக்கு அடியில் போனேன்.

குலுக்கலைத் தாங்கும் முன்சக்கர வில்பட்டைகளை வண்டிச் சட்டத்தோடு சேர்ப்பவை விரல் நீளமுள்ள நான்கு இரும்புக் கைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு துளை, துளைக்குள் போல்ட். வட்டமாக இருக்க வேண்டிய துளைகள் முட்டை வடிவத்துக்கு வந்திருந்தன. போல்ட்டுகள் நடுவில் இடுப்பு சிறுத்துப் போயிருந்தன. மதராஸ் கம்பெனி ஒன்றுக்குத் தந்தி கொடுத்தேன். சாமான் சீமையிலிருந்து வரவேண்டும், யுத்தம் முடியும்வரை எதுவும் சொல்வதற்கில்லை என்று பதில் வந்தது. மாமியாரை யுத்தம் முடியும்வரை படுத்திருக்கச் சொல்ல முடியுமா?

புதன்கிழமை மேலப்பாளையத்திலிருந்து சுப்பையா ஆசாரியை வரவழைத்தேன். வில்வண்டிகளுக்கு இரும்பு வேலை செய்கிறவர். முற்றத்தில் வண்டியைக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தி, நான்கு கைகளையும் கழற்றுவதற்குள் என் விரல் முட்டிகளில் தோல் மிஞ்சவில்லை. பக்கத்து வீட்டு வக்கீல் குமாஸ்தா சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன வே, இடத்து மாடு படுத்துட்டா?"

"ஆமா அண்ணாச்சி."

"வலத்துல மாத்திக் கட்டிப் பாரும். சில மாடு அப்படித்தான்."

அவரால் முடிந்த உதவி அவ்வளவுதான்.

கழற்றிய கைகளையும் போல்ட்டுகளையும் ஆசாரியிடம் கொடுத்தேன். "அச்சு அசலா இதே மாதிரி வேணும் ஆசாரி. ஒரு நூல்கூட மாறப்படாது."

"நூல் மாறுச்சுன்னா எங்கிட்ட வராதிய," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை கொண்டுவந்தார். நல்ல வேலை, இரும்பு பளபளத்தது. மாட்டி முடிக்க மத்தியானம் ஆயிற்று. கோர்ட்டு வரை ஓட்டிப் பார்த்தேன். சக்கரம் தலையாட்டியது. வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. எஸ்தர் வாசலில் நின்றிருந்தாள். பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுபடி கழற்றினோம். பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புது இரும்பில் முட்டை வடிவத் துளை. புது போல்ட்டில் சிறுத்த இடுப்பு. எட்டு வருடத் தேய்மானம் — ஒரு நூல்கூட மாறவில்லை.

"இந்த ஓட்டை ஏன் ஆசாரி இப்படி இருக்கு?"

"உங்க ஓட்டை அப்படித்தான இருந்துச்சு? அத அராவத்தான் ஒரு பகல் போச்சு. வட்டம்னா சட்டுனு முடிச்சிருப்பேன்."

"அது தேஞ்சு போனது வே."

"தேஞ்சதுன்னு ஆரு சொன்னா? நூல் மாறப்படாதுன்னுலா சொன்னிய."

சொன்னேன்தான். அவரை எப்படிக் குறை சொல்வது? தாலுகா ஆபீஸில் பழைய மனுவைப் பார்த்துத்தான் புது மனு எழுதுகிறோம். அதிலிருந்த பிழையும் சேர்ந்தே வருகிறது. அப்பா கோபப்பட்டதைப் பார்த்துப் பிள்ளை கோபப்படக் கற்கிறான். மாதிரி தேய்ந்திருக்கிறதா என்று யார் கேட்கிறார்கள்? கையில் இருப்பது அது ஒன்றுதான்.

அடுத்த சிக்கலும் அதுதான். தேய்வதற்கு முன் அதன் அளவு என்ன? எங்கள் இருவருக்கும் தெரியாது. களைத்துப் போய் வண்டிப் படியில் உட்கார்ந்திருந்தோம். காப்பி கொண்டுவந்த எஸ்தர் பழைய போல்ட் ஒன்றை எடுத்துத் திருப்பினாள்.

"நடுவுலதான மெலிஞ்சிருக்கு? இங்கன, நுனில பருமனாத்தான இருக்கு?"

ஆசாரி அதை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். சட்டத்துக்குள் இறுகியிருந்த நுனி. எதனோடும் உரசாத இடம்.

"ஆமா டீச்சரம்மா. பெறந்த அளவு இதுதான்." பிறகு என்னிடம்: "மொதல்லயே இவங்கள வுட்டு ஆர்டர் கொடுத்திருக்கலாம்லா?"

சனிக்கிழமை மாலை வட்டத் துளைகளோடு புதுக் கைகளும், இடுப்புச் சிறுக்காத போல்ட்டுகளும் வந்தன. மாட்டி, ஆற்றுப்பாலம் வரை ஓட்டிவிட்டு வந்தேன். வண்டி நேராகப் போனது. சந்தோஷப்படத் தெம்பில்லை.

ஞாயிறு காலை சேரன்மகாதேவி போய், பின் ஸீட்டில் மெத்தை போட்டு மாமியாரைக் கிடத்தினோம். எஸ்தர் காலைப் பிடித்துக்கொண்டாள். வாய்க்கால் ஓரம் முழுக்க நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். சக்கரம் அசையவில்லை. பின்னாலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. திரும்பிப் பார்த்தால், மாமியார் தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். எலும்பு விலகவில்லை என்றார்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "அலுங்காம வந்து சேந்தாச்சே... இந்தா இருக்கிற ஊருக்கா மாப்பிள்ள, அஞ்சு நாளு என்னப் போட்டு வச்சிய?"