ஒரே டேக் அம்மா கொடுத்த க்யூ

பதினாறு வருடம் தொலைக்காட்சித் தொடர்களில் கிளிசரின் போட்டு அழுதவள் சத்தியம் செய்தால் யார் நம்புவார்கள்? அதனால் சத்தியம் செய்யவில்லை. இது நடந்தது. அவ்வளவுதான்.

தொடர்களில் எனக்கு நிரந்தரமாக மூத்த மருமகள் வேடம். அழுது அலுத்துப்போய் சொந்தமாக ஒரு படம் எடுக்கக் கிளம்பினேன். எழுத்து, இயக்கம், நடிப்பு மூன்றும் நானே. கேட்கக் கம்பீரமாக இருக்கும்; வேறு ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். இதற்குச் சுயாதீன சினிமா என்று பெயர். சுயாதீனம் என்றால், சாப்பாட்டுப் பொட்டலத்தை இயக்குநரே எண்ணிப் பிரித்துக் கொடுக்க வேண்டும்.

கடைசி நாள். படப்பிடிப்பு என் அக்கா வீட்டில். பாக்கி இருந்தது ஒரே ஒரு ஷாட். பல வருடம் கழித்து மகள் ராத்திரியில் வீடு திரும்புகிறாள். இருட்டிலிருந்து அம்மா பேசுகிறாள். மகள் அழ வேண்டும். குளோசப், என் முகம் மட்டும். படமே அந்த முகத்தில்தான் முடிகிறது. அதில் மட்டும் கிளிசரின் கூடாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். வாய்க்கொழுப்பு. நான்கு டேக் ஆகியும் கண் தண்ணீர் வராத குழாயாக இருந்தது.

பட்டப்பகல். ஜன்னல், சுவர் எல்லாவற்றிலும் கறுப்புத் துணி தொங்கவிட்டு ராத்திரி செய்திருந்தோம். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஆறு மணிக்கு எங்க மாமியார் வர்றாங்க. அதுக்குள்ள என் வீட்டுல விடிஞ்சிடணும், சொல்லிட்டேன்."

அம்மாவாக நடித்தவரை எல்லோரும் ஒரே டேக் அம்மா என்பார்கள். எந்தக் காட்சியும் அவருக்கு இரண்டாவது டேக் போனதில்லை. காலையிலேயே தன் பகுதியை முடித்துவிட்டு, வேறொரு தொடருக்குக் காரில் கிளம்பிவிட்டார். எங்கள் தொழிலில் இது சகஜம். எதிரே நடிப்பவர் போய்விட்டால் அவர் வசனத்தை யாராவது கேமரா பக்கத்தில் நின்று படிப்பார்கள். அதுதான் க்யூ. அன்று க்யூ கொடுத்தது மேக்கப் அக்கா. தாய்ப்பாசத்தை மளிகைக்கடைப் பட்டியல் மாதிரி படித்தார். எனக்கு எங்கிருந்து அழுகை வரும்?

மூன்று இருபது. ஐந்தாவது டேக். "ஆக்‌ஷன்" என்று நானே சொல்லி, நானே நடிக்க ஆரம்பித்தேன். மேக்கப் அக்கா வாய் திறக்கவில்லை. அதற்குள்...

"யாரது?"

ஒரே டேக் அம்மாவின் குரல். கேமராவுக்கு இடப்பக்கம், கறுப்புத் துணிக்குப் பின்னாலிருந்து. தயாரிப்பு நிர்வாகி அவர் காலில் விழுந்து திரும்பக் கூட்டிவந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மேக்கப் அக்காவைக் கையசைத்து நிறுத்தினேன்.

"நான்தாம்மா."

"ஏன் இவ்ளோ நாள்?"

அதோடு அம்மாவின் வசனம் முடிகிறது. இனி நான் அழ வேண்டும். கண் வறண்டே கிடந்தது.

சர்... சர்...

வெறுங்காலைத் தரையில் இழுத்து நடக்கும் சத்தம். துணி லேசாக உப்பியது.

"அசதியா இருக்கா?"

இது வசனத்தில் இல்லை. எழுதியவள் நான்.

"ஆமாம்மா."

காது மடலில் குளிர்ந்த மூச்சு...

"போதும். வந்துடு."

கண்ணீர் கொட்டியது.

"இதோ வர்றேன்."

நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது.

'கட்' சொல்ல வேண்டியவள் அழுதுகொண்டிருந்ததால் கேமரா வெகுநேரம் ஓடியது. கடைசியில் ஒளிப்பதிவாளர் விளக்கைப் போட்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

"க்யூவே வேணாம்னு நிறுத்திட்டு, வெறும் மௌனத்துக்குப் பதில் சொன்னீங்க பாருங்க மேடம்..."

மேக்கப் அக்காவைப் பார்த்தேன். அவருக்கும் ஒன்றும் கேட்கவில்லையாம். ஒலிப்பதிவாளர் ஓட்டிக் காட்டினார். என் குரல் மட்டும் இருந்தது. நடுநடுவே வெற்றிடம். ஒருவர்கூட என்னை ஏன் என்று கேட்கவில்லை. கலைப்படத்தில் புரியாததைக் கேட்டால் மரியாதை போய்விடும்.

துணியை விலக்கினேன். சுவர்.

துணிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு கை நுழையலாம். ஆள் நிற்க முடியாது.

மறுநாள் காலை, ஒரே டேக் அம்மா போன தொடரின் இயக்குநர் என்னைப் போனில் கூப்பிட்டார். வாய் ஓயாமல் புகழ்ந்தார். முந்தைய நாள் அம்மாவுக்குக் கட்டிலில் கிடக்கும் பிண வேடமாம். ஷாட் முழுக்க நெஞ்சு ஏறி இறங்கவே இல்லையாம். கட் சொல்லியும் எழவில்லையாம். என்ன தொழில் பக்தி என்று உருகினார். மணி கேட்டேன். மூன்று இருபது இருக்கும் என்றார்.

"அப்புறம் பொசுக்குன்னு எழுந்து உக்காந்தாங்க. தண்ணிகூடக் கேக்கல. 'பக்கத்துல இன்னொரு கட்டில் போடுங்க, அவ வர்றேன்னு சொல்லிட்டா'ன்னாங்க. யாருன்னு கேட்டா உங்களைச் சொன்னாங்க. நமக்கும் ஒரு செத்த பொண்ணு வேஷம் இருக்கு. எப்ப வர்றீங்க?"

தேதி இல்லை என்று சொல்லிவிட்டேன். ஒரே டேக் அம்மாவிடம் கேட்டபோது, அப்படி எதுவும் சொன்ன ஞாபகமே இல்லை என்றார்.

அந்த ஷாட்டை வெட்டிவிடத்தான் உட்கார்ந்தேன். வேறு நல்ல டேக் இல்லை. அது இல்லாவிட்டால் படம் இல்லை. வைத்துவிட்டேன். மௌனத்தை இவ்வளவு துணிச்சலாகக் கையாண்ட படம் வேறில்லை என்று பரிசு கொடுத்தார்கள். ஊர் ஊராகக் கூப்பிடுகிறார்கள்.

நான் எதற்கும் போவதில்லை. ஆனால் படம் போகிறது. ஒவ்வொரு அரங்கிலும், என் முகம் இருட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது...

"இதோ வர்றேன்."